பாப்லோ எஸ்கோபாரை அவன் ஊர் எப்படி ஞாபகம் வச்சிருக்கு? கூட்டு நினைவு பத்தி ஒரு எளிய விளக்கம்

கூட்டு நினைவுன்னு சமூகவியல்ல ஒரு விஷயம் சொல்வாங்க. பேரைக் கேட்டா பெரிய தியரி மாதிரி இருக்கும், ஆனா விஷயம் சிம்பிள்தான். நமக்கு ஞாபகம் இருக்கற எல்லாமே நம்ம தலைக்குள்ள மட்டும் இருக்கறதில்ல, வீட்ல பெரியவங்க திரும்பத் திரும்பச் சொல்ற கதையில, தெருப் பேர்ல, கல்லறையில, டிவியில, பள்ளிக்கூடப் புத்தகத்துல இருக்கு. பிரெஞ்சுக்காரர் மொரீஸ் ஹால்ப்வாக்ஸ் 1925லயே இதைப் பத்தி எழுதிட்டாரு, மனுஷன் தனியா உக்காந்து எதையும் ஞாபகம் வச்சுக்கறதில்ல, தான் எந்தக் கூட்டத்துல இருக்கானோ அந்தக் கூட்டத்தோட சேர்ந்துதான் ஞாபகம் வச்சுக்கறான்னு. அப்ப ஒரு ஊர்ல நாலு கூட்டம் இருந்தா ஒரே ஆளைப் பத்தி நாலு ஞாபகம் இருக்கும், அந்த நாலும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும்.

இதைப் புரிஞ்சுக்க கொலம்பியாவுல மெதெயின்ங்கற ஊரை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஏன்னா அங்க ஞாபகம் வச்சுக்க வேண்டிய ஆளு பாப்லோ எஸ்கோபார். நம்ம ஊர்ல அவனைத் தெரியாதவங்க கம்மி, டிஷர்ட்ல மூஞ்சி இருக்கு, மீம்ல இருக்கு, வெப் சீரிஸ் பார்த்துட்டு "என்னா மாஸ்டா" னு சொல்ற பசங்க இருக்காங்க. ஆனா அந்த ஊர்க்காரங்களுக்கு அவன் ஒரு கேரக்டர் இல்ல, பக்கத்துத் தெருவுல இருந்தவன்.

தெரியாதவங்களுக்காக சட்டுனு சொல்லிடறேன். 1949 டிசம்பர் 1ல ரியோநெக்ரோங்கற ஊர்ல பொறந்தான், மெதெயினை ஒட்டி இருக்கற என்விகாதோல வளர்ந்தான். சின்னச் சின்ன திருட்டு, கடத்தல்னு ஆரம்பிச்சு 70களோட கடைசில கொகெய்ன் வியாபாரத்துக்கு வந்து, 80கள்ல அமெரிக்காவுக்குப் போன கொகெய்ன்ல பெரும்பங்கு மெதெயின் கார்டெல், அதாவது அவனும் மத்த பெரிய கடத்தல்காரங்களும் சேர்ந்த கும்பல், அதோட கையில இருந்துச்சு. 1987ல இருந்து ஃபோர்ப்ஸ் பத்திரிகை அவனை உலகக் கோடீஸ்வரர் லிஸ்ட்ல போட்டுச்சு. 1993 டிசம்பர் 2, அதாவது 44வது பொறந்தநாளுக்கு மறுநாள், மெதெயின்ல ஒரு வீட்டுக் கூரை மேல போலீஸ் துரத்தும்போது செத்தான். சுட்டது நாங்கதான்னு போலீஸ் சொல்லுது, இல்ல தன்னைத் தானே சுட்டுக்கிட்டான், பிடிபட மாட்டேன்னு எப்பவும் சொல்லிட்டே இருந்தான்னு குடும்பத்துக்காரங்க சொல்றாங்க. பாருங்க, செத்த நிமிஷத்துக்கே ரெண்டு கதை.

இப்ப அவனை நல்லவனா ஞாபகம் வச்சிருக்கறவங்ககிட்ட இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா வெளியில இருந்து பாக்கற நமக்கு அதுதான் குழப்பமா இருக்கும், இத்தனை பேரைக் கொன்னவனுக்கு எப்படி மெழுகுவத்தி ஏத்தறாங்கன்னு.

மெதெயின்ல மொராவியான்னு ஒரு பகுதி. 1977ல இருந்து 84 வரைக்கும் நகரத்தோட குப்பை முழுக்க அங்கதான் கொட்டுவாங்க, அது மலை மாதிரி குமிஞ்சு போச்சு, அந்தக் குப்பை மேலயே தகரமும் அட்டையும் வச்சு வீடு கட்டி ஜனங்க இருந்தாங்க. கிராமத்துல சண்டை, நிலம் போச்சு, பொழைக்க வழியில்லைன்னு ஊருக்கு வந்தவங்க, குப்பையில இருந்து பொறுக்கி வித்துதான் சாப்பாடு. அரசாங்கம் அவங்களைக் கண்டுக்கவே இல்ல, கண்டுக்கிட்டா காலி பண்ணச் சொல்லத்தான். அந்த நேரத்துல எஸ்கோபார் வர்றான், கூட ரெண்டு பாதிரியாரும் இருக்காங்க, "குடிசை இல்லாத மெதெயின்" னு ஒரு திட்டம் அறிவிக்கிறான், கிழக்குப் பக்கம் மலைச்சரிவுல இடம் வாங்கி 400க்கும் மேல வீடு கட்டி குப்பைமேட்டுக் குடும்பங்களுக்குச் சும்மா கொடுக்கறான். செங்கல் வீடு, வாடகை கிடையாது, தவணை கிடையாது.

அந்த இடத்துக்கு இன்னிக்கும் ஜனங்க சொல்ற பேரு பாரியோ பாப்லோ எஸ்கோபார், பாரியோன்னா குடியிருப்பு. அரசாங்கக் காகிதத்துல அந்தப் பேரை ஏத்துக்க நகராட்சிக்கு மனசில்ல, ஆனா வாசல்லயே அவன் மூஞ்சியோட சுவரோவியம், "பாப்லோ எஸ்கோபார் குடியிருப்புக்கு வரவேற்கிறோம், இங்க அமைதியைச் சுவாசிக்கலாம்" னு எழுதி வச்சிருந்தாங்க. வீட்டுக்குள்ள ஏசு படம், மாதா படம், அதுக்குப் பக்கத்துல அவன் படம்.

இதைப் பார்த்துட்டு "படிக்காத ஜனங்க, ஏமாந்துட்டாங்க" ன்னு சொல்றவங்க நிறைய பேர். எனக்கு அது கொஞ்சமும் ஒத்துக்கல. குப்பை மேல புள்ள பெத்து வளர்த்த ஒரு அம்மாவுக்கு வீட்டுச் சாவி கொடுத்தது யாருன்னு ஞாபகம் இருக்கறது முட்டாள்தனம் இல்ல, அது நடந்த விஷயம், அவங்க பொய் சொல்லல. அந்தச் சாவியை அரசாங்கம் கொடுத்திருந்தா அரசாங்கத்தை ஞாபகம் வச்சிருப்பாங்க. அவன் மேல இருக்கற பாசத்துல பாதி அரசாங்கத்து மேல இருக்கற கோபம்னு நான் நினைக்கறேன், அவனைப் புகழும்போது "வேற யார் எங்களுக்குச் செஞ்சாங்க" ன்னு ஒரு கேள்வி கூடவே வரும், அந்தக் கேள்விக்கு யார்கிட்டயும் நல்ல பதில் இல்ல.

ஆனா இதோட நிறுத்திட்டா பெரிய தப்பாயிடும், ஏன்னா அந்த ஞாபகம் தானா முளைச்சது இல்ல, அவனே விதைச்சது. வீடு கட்டினது, ஏழைங்க தெருக்கள்ல ஃபுட்பால் மைதானம் போட்டு லைட் கம்பம் நட்டு ராத்திரி மேட்ச் நடத்தினது எல்லாம் எப்போன்னு பாருங்க, 80களோட ஆரம்பம், அவன் அரசியலுக்கு வந்த நேரம். மெதெயின் சிவிகோன்னு ஒரு பத்திரிகை இருந்துச்சு, அவன் காசுலதான் ஓடுச்சு, அதுல அவனோட தர்மகாரியம் எல்லாம் வரும். 1982ல பார்லிமென்ட்டுக்கு மாற்று உறுப்பினரா ஜெயிச்சான், அதாவது முக்கிய உறுப்பினர் வரலைன்னா அவர் இடத்துல உக்கார்ற ஆளு. 1983 ஏப்ரல்ல செமானாங்கற பெரிய வாரப் பத்திரிகை அவனை "பைசா ராபின் ஹூட்" ன்னு எழுதுச்சு. பைசான்னா அந்த அந்தியோக்கியா மாகாணத்துக்காரங்களைச் சொல்றது. ராபின் ஹூட்ங்கற பட்டம் குப்பைமேட்டு ஜனங்க வச்சதுன்னு நாம நினைச்சுட்டு இருக்கோம், அதை நாடு முழுக்கக் கொண்டு போனது தலைநகர்ல அச்சடிச்ச பத்திரிகை.

அதுக்கு மாறான ஞாபகத்தை உண்டாக்கினதும் ஒரு பத்திரிகைதான். எல் எஸ்பெக்தாதோர், தலைநகர் பொகோதாவுல இருந்து வர்ற பழைய பேப்பர், ஆசிரியர் கில்லெர்மோ கானோ. எம்பியா கோட்டு சூட்டோட சுத்திட்டு இருந்தவன் 1976ல கொகெய்ன் கேஸ்ல பிடிபட்ட பழைய செய்தியை 1983 ஆகஸ்ட்ல தோண்டி எடுத்து திரும்பவும் போட்டாங்க. அந்தக் காலத்துல இன்டர்நெட் கிடையாது, பழைய பேப்பர் கட்டுல இருந்து தேடி எடுத்தாதான் உண்டு. மெதெயின்ல அன்னிக்கு பேப்பரை அவன் ஆளுங்க மொத்தமா வாங்கி அள்ளிட்டுப் போனாங்கன்னு சொல்வாங்க. சட்ட அமைச்சர் ரொத்ரிகோ லாரா பொனியாவும் பார்லிமென்ட்லயே அவன் பேரைச் சொல்லிப் பேசினாரு, அவன் அரசியல் அதோட முடிஞ்சுச்சு. 1984 ஏப்ரல் 30ல பைக்ல வந்தவங்க லாராவைச் சுட்டுக் கொன்னாங்க. 1986 டிசம்பர் 17ல கானோவை அவரோட ஆபீஸ் வாசல் பக்கத்துலயே. 1989 செப்டம்பர்ல அந்தப் பத்திரிகை ஆபீசுக்கே வண்டி நிறைய குண்டு வச்சாங்க, மறுநாளும் பேப்பர் வந்துச்சு. நான் இந்தப் பகுதியை ஏன் இவ்வளவு இழுக்கறேன்னா, ஒரு ஊரோட ஞாபகம் சும்மா காத்துல வர்றதில்ல, யாரோ எழுதறாங்க, யாரோ அதை அழிக்கப் பாக்கறாங்க, சில சமயம் எழுதறவனையே அழிக்கறாங்க.

அப்புறம் ரத்தம்தான். அவனுக்கும் மத்த கடத்தல்காரங்களுக்கும் ஒரே பயம், அமெரிக்காவுக்கு நாடு கடத்திடுவாங்கங்கறது. அமெரிக்க ஜெயிலை விட கொலம்பியாவுல கல்லறையே மேல்னு அறிக்கை விட்டாங்க, அரசாங்கத்தைப் பணிய வைக்க நாட்டு மேலயே போர் தொடுத்தாங்க. 1989 ஒரு வருஷம் மட்டும் எடுத்துக்கங்க. ஆகஸ்ட் 18, ஜனாதிபதி தேர்தல்ல ஜெயிப்பார்னு எல்லாரும் எதிர்பார்த்த லூயிஸ் கார்லோஸ் கலான், சொவாச்சாவுல மேடையில ஏறும்போதே சுடப்பட்டார், இந்தக் கலான்தான் 1982ல எஸ்கோபார் இருந்த கோஷ்டியைத் தன் கட்சிப் பக்கமே சேர்க்காம வெளிய தள்ளினவர். நவம்பர் 27, பொகோதாவுல இருந்து காலிக்குக் கிளம்பின அவியான்கா விமானம் நடுவானத்துல வெடிச்சு உள்ள இருந்த 107 பேரும் கீழ இருந்த 3 பேரும் செத்தாங்க, குறி வச்சது சேசர் கவீரியாங்கற வேட்பாளருக்கு, அவர் அந்த ஃபிளைட்ல ஏறவே இல்ல, பின்னாடி ஜனாதிபதியும் ஆனாரு. டிசம்பர் 6, உளவுத்துறை கட்டடத்துக்கு முன்னாடி பஸ் குண்டு, சுமார் 60 பேர் செத்தாங்க. எல்லாம் நாலு மாசத்துக்குள்ள.

மெதெயின் ஊருக்குள்ள இன்னும் மோசம். போலீஸ்காரன் ஒருத்தனைக் கொன்னா இவ்வளவுன்னு ரேட் போட்டான், கொல்லப் போனது யாருன்னு கேட்டா மலைச்சரிவு குடியிருப்புகள்ல இருந்த 15, 16 வயசுப் பசங்க. சிகாரியோன்னு அவங்களைச் சொல்வாங்க. பைக்ல பின்னாடி உக்காந்து சுடறது, வந்த காசுல அம்மாவுக்கு ஃபிரிட்ஜ் வாங்கறது, போறதுக்கு முன்னாடி சபானேத்தாவுல இருக்கற மாதா கோயிலுக்கு செவ்வாக்கிழமை போய் வேண்டிக்கறது. நிறைய பேர் இருபது வயசைப் பாக்கல. 1991ல மெதெயின்ல ஒரு லட்சம் பேருக்கு 380 கொலைங்கற கணக்கு, வருஷத்துக்கு ஆறாயிரத்துக்கும் மேல, அப்போ உலகத்துலயே அந்த மாதிரி ஊர் இல்ல.

இங்கதான் எனக்குப் பிடிக்காத ஒரு வசனம் வரும், "நல்லதும் செஞ்சான் கெட்டதும் செஞ்சான்". கேக்க நியாயமா இருக்கு, ஒரு தட்டுல 400 வீடு, இன்னொரு தட்டுல குண்டு. ஆனா அப்படி ரெண்டு தட்டே கிடையாது. வீடு கட்டின காசு எங்க இருந்து வந்துச்சோ அதே இடத்துல இருந்துதான் குண்டுக்கும் காசு வந்துச்சு, வீடு கொடுத்து சம்பாதிச்ச பேரை வச்சுதான் அந்தத் தெருக்கள்ல ஒளிஞ்சுக்கவும் பசங்களைச் சேர்க்கவும் முடிஞ்சுச்சு. தர்மம் தனி, கொலை தனின்னு பிரிச்சா ரெண்டுமே புரியாது. சாவி வாங்கினவங்க தெருவும் புள்ளையைப் பறிகொடுத்தவங்க தெருவும் வேற வேற தெரு இல்லைங்கறதுதான் இதுல கொடுமை.

அவன் சாவு எடுத்த அன்னிக்கு மழை, ஆயிரக்கணக்குல ஜனம், பொட்டியைத் தொட தள்ளுமுள்ளு, "பாப்லோ, பாப்லோ" ன்னு கத்தல். அதே நேரத்துல பொகோதாவுலயும் மெதெயின்லயும் நிறைய பேர் அப்பாடான்னு மூச்சு விட்டாங்க, ரெண்டும் ஒரே நாட்டோட அதே டிசம்பர் மாசம். கல்லறை இதாகுயில மொந்தேசக்ரோ தோட்டத்துல இருக்கு, இன்னிக்கும் பூ வைக்கறாங்க, வேண்டிக்கறாங்க, டூரிஸ்ட் பஸ் வந்து நிக்குது. 2017ல அமெரிக்க ராப் பாடகர் விஸ் கலீஃபா அந்தக் கல்லறையில பூவோட போட்டோ எடுத்து போட, மெதெயின் மேயர் ஃபெதெரிகோ குதியேரஸ் கடுப்பாகி வெட்கம் கெட்டவன்னு திட்டிட்டு, பூவைக் கொண்டு போய் செத்தவங்க குடும்பத்துக்குக் கொடுத்திருக்கணும்னு சொன்னாரு.

இந்த மேயர் முக்கியமான ஆளு, ஏன்னா இடிச்சாரு. எல் பொப்லாதோங்கற பணக்காரப் பகுதியில மோனாகோன்னு எட்டு மாடி வெள்ளைக் கட்டடம், எஸ்கோபார் குடும்பம் இருந்த வீடு, 1988 ஜனவரில எதிரி கும்பல் அதுக்கு வெளிய கார் குண்டு வச்சுது. அவன் செத்தப்புறம் கேப்பாரத்து கிடந்துச்சு, டூரிஸ்ட் வந்து முன்னாடி நின்னு செல்ஃபி எடுப்பாங்க. 2019 பிப்ரவரி 22ல வெடி வச்சு சில செகண்ட்ல தரைமட்டமாக்கினாங்க, ஜனாதிபதி இவான் துக்கே வந்தாரு, பாதிக்கப்பட்ட குடும்பங்களும் உக்காந்து பார்த்தாங்க. அதே வருஷக் கடைசில அந்த இடத்துல இன்ஃப்லெக்சியோன்னு ஒரு பூங்கா வந்துச்சு, கருப்புச் சுவர்ல வரிசையா துளைகள், 1983ல இருந்து 1994 வரைக்கும் போன 46,612 உயிர்களுக்காக. அந்த நம்பரை ஒருதடவை நிதானமா படிங்க.

கட்டடத்தை இடிச்சது சரியா தப்பாங்கறதுல அந்த ஊர்லயே ஒத்த கருத்து இல்ல. சிலர் சொன்னாங்க, நல்லாச்சு, கொலைகாரன் வீடு கோயிலாகறதுக்கு முன்னாடி போய்த் தொலையட்டும். வேற சிலர், கட்டடம் என்ன பண்ணுச்சு, அதை வச்சே நடந்ததைச் சொல்லியிருக்கலாம், இடிச்சா டூரிஸ்ட் வேற இடத்துக்குப் போவான் அவ்வளவுதான்னு சொன்னாங்க. ரெண்டாவது ஆளுங்க சொன்னதுல விஷயம் இருக்கு, டூர் நிக்கல. எனக்கு ரெண்டுக்கும் நடுவுல இருக்கற மியூசியம்தான் பிடிக்கும், காசா தெ லா மெமோரியா, நினைவு இல்லம்னு வச்சுக்கலாம், பாதிக்கப்பட்டவங்களுக்கான நகராட்சித் திட்டத்துல இருந்து வளர்ந்து வந்தது. அங்க எஸ்கோபாரைப் பாக்கப் போனா ஏமாந்துடுவீங்க, அங்க நடுவுல இருக்கறது செத்தவங்களும் காணாமப் போனவங்களும் ஊரை விட்டு ஓடினவங்களும்தான். கடத்தல் மட்டும் இல்ல, அரசாங்கத்தை எதிர்த்து ஆயுதம் தூக்கின கெரில்லா, அந்தக் கெரில்லாவை எதிர்த்த துணைராணுவக் கும்பல் (நம்ம ஊர் மாதிரி அரசாங்கப் படை இல்ல, தனியார் ஆயுதக் கும்பல்), அரசாங்கப் படை எல்லாம் சேர்ந்து அந்த நாட்டுல பண்ணின கூத்து முழுக்க. ஒரு ஆளை வில்லனா மேடை நடுவுல நிறுத்தறதும் அவனுக்குக் கொடுக்கற மரியாதைதான்னு இந்த மியூசியம் புரிஞ்சு வச்சிருக்குன்னு தோணுது.

டிவிக்காரங்க கதை வேற. 2012ல கொலம்பியாவுலயே அவனைப் பத்தி ஒரு பெரிய டிவி தொடர் எடுத்தாங்க, எடுத்தவங்க யாருன்னு பார்த்தா ஒருத்தர் கில்லெர்மோ கானோவோட மகன் கமிலோ கானோ, இன்னொருத்தர் ஹுவானா உரீபே, அவங்க அம்மாவையே எஸ்கோபார் கடத்தி வச்சிருந்தான். அப்பாவைப் பறிகொடுத்தவர், அம்மாவைப் பறிகொடுக்க இருந்தவர், ரெண்டு பேரும் சேர்ந்து பாதிக்கப்பட்டவங்க கண்ணுல இருந்து சொல்லணும்னு எடுத்த தொடர். ஆனா ஜனங்க மனசுல ஒட்டிக்கிட்டது யாரு? அவனேதான். அவன் வசனம், அவன் மீசை, அந்த நடிகரோட போஸ்டர், ஸ்டிக்கர் ஆல்பம். 2015க்கு அப்புறம் அமெரிக்க சீரிஸ் வந்து உலகம் முழுக்கப் பரவினதும் சொல்லவே வேணாம். வாழ்ந்த ஞாபகம் உள்ளவங்க வயசாகிட்டே வர்றாங்க, சின்னப் பசங்களுக்கு இருக்கறது கடன் வாங்கின ஞாபகம், அதுவும் ஸ்கிரீன்ல இருந்து கடன் வாங்கினது. கூட்டு நினைவுன்னு சொன்னேனே, அது தலைமுறை மாறும்போது இப்படித்தான் கை மாறும், நல்ல எண்ணத்தோட கொடுத்தாலும் வாங்கறவன் வேற எதையோ வாங்கிட்டுப் போவான்.

அவனோட சொந்த மகனே பேரை மாத்திக்கிட்டு அர்ஜென்டினாவுல போய் வாழ்ந்தவரு, 2009ல ஒரு ஆவணப்படத்துக்காக லாராவோட மகனையும் கலானோட பசங்களையும் நேர்ல பார்த்து மன்னிப்பு கேட்டாரு. அப்புறம் அவரும் அப்பாவைப் பத்தி புத்தகம் எழுதி வித்தாருங்கறதையும் சொல்லிடணும். இந்தக் கதையில காசு வராத மூலை ரொம்பக் கம்மி. எஸ்கோபாரோட அண்ணன் வீட்டையே மியூசியமாக்கி டூரிஸ்ட்கிட்ட காசு வாங்கிட்டு இருந்தாரு, 2018ல லைசென்ஸ் இல்லைன்னு அதிகாரிங்க மூடினாங்க. குடும்பத்துக் கம்பெனி ஒண்ணு ஐரோப்பாவுல "பாப்லோ எஸ்கோபார்" ங்கற பேரை டிரேட்மார்க்கா பதியப் பார்த்துச்சு, 2024 ஏப்ரல்ல ஐரோப்பிய ஒன்றியத்தோட கோர்ட் முடியாதுன்னு சொல்லிடுச்சு, ஜனங்க இந்தப் பேரைக் கேட்டா போதைக் கடத்தலும் கொலையும்தான் நினைப்பாங்கன்னு. அதே வருஷம் கொலம்பியா பார்லிமென்ட்ல அவன் மூஞ்சி போட்ட டிஷர்ட், கப், சாவிக்கொத்து விக்கக் கூடாதுன்னு ஒரு மசோதா வந்துச்சு. தெருவுல அதை வித்துப் பொழைக்கறவங்க, எங்க சாப்பாட்டுல ஏன் மண்ணு போடறீங்கன்னு கேட்டாங்க. ஒருத்தன் அப்பன் விமானத்துல வெடிச்சுச் செத்திருக்கான், இன்னொருத்தன் அந்தக் கொலைகாரன் படம் போட்ட டிஷர்ட் வித்து பிள்ளைக்கு ஃபீஸ் கட்டறான், ரெண்டு பேரும் ஒரே நாட்டு ஜனங்க. யாருக்கு நீங்க தீர்ப்பு சொல்வீங்க? எனக்கு முதல் ஆள் பக்கம்தான் மனசு போகுது, ஆனா ரெண்டாவது ஆளை ஜெயில்ல போடச் சொல்ல வாய் வரல.

எஸ்கோபாரை அளவுக்கு மீறி ஞாபகம் வச்சா வேற எது மறந்து போகும்னு ஒரு கேள்வி இருக்கு, அதைத்தான் வெளியூர்க்காரங்க கவனிக்கறதில்ல. மெதெயின்ல கொமுனா 13னு ஒரு மலைச்சரிவுப் பகுதி, இப்ப எலக்ட்ரிக் படிக்கட்டு, கலர் கலரா சுவரோவியம், ராப், டான்ஸ்னு டூரிஸ்ட் கூட்டம் அள்ளும், அங்க போனாலும் எஸ்கோபார் தொப்பி விக்கும். ஆனா அந்த ஜனங்களோட சொந்தக் காயம் அவன் செத்து ஒன்பது வருஷம் கழிச்சு நடந்தது. 2002 அக்டோபர்ல ஓரியோன் ஆபரேஷன்னு ராணுவமும் போலீசும் ஹெலிகாப்டரோட உள்ள புகுந்தாங்க, துணைராணுவக் கும்பலும் கூடச் சேர்ந்துக்கிச்சு, அப்புறம் ஆளுங்க காணாமப் போனாங்க. எங்க பசங்களைக் கொன்னு பக்கத்துல இருக்கற எஸ்கொம்ப்ரேராங்கற கட்டடக் கழிவு மேட்டுல புதைச்சிருக்காங்கன்னு அம்மாக்கள் இருபது வருஷத்துக்கு மேல சொல்லிட்டே இருந்தாங்க, பைத்தியங்கன்னு சொன்னவங்களும் உண்டு. 2024 டிசம்பர்ல அங்க தோண்டினப்ப எலும்பு கிடைச்சுச்சு. உடனே ஊர்ல இளைஞர்கள் சுவர்ல பெருசா எழுதினாங்க, கிழவிங்க சொன்னது சரிதான்னு, பாசமாத்தான் அந்த "கிழவி". நகராட்சி அதை பெயின்ட் அடிச்சு மறைச்சுச்சு, ஊரே கத்துனப்புறம் திரும்பவும் வரைஞ்சாங்க. அப்போ மேயர் யாரு தெரியுமா, ரெண்டாவது தடவை ஜெயிச்சு வந்த அதே ஃபெதெரிகோ குதியேரஸ், மோனாகோவை இடிச்சு 46,612 பேருக்குப் பூங்கா கட்டினவரு. கொள்ளைக்காரன் கொன்னவங்களை ஞாபகம் வைக்கறது அரசாங்கத்துக்கு ஈஸி, அரசாங்கத்தோட கை இருந்த இடத்துல ஞாபகம் வைக்கறதுதான் கசக்கும். கூட்டு நினைவைப் பத்திப் படிக்க ஆரம்பிக்கறவங்க இந்த ஒரு சுவரைப் பத்தி மட்டும் தேடிப் படிச்சாலே போதும்னு சொல்வேன்.

கடைசியா நீர்யானை. சிரிக்காதீங்க, இதுவும் இதே விஷயம்தான். மெதெயினுக்கும் பொகோதாவுக்கும் நடுவுல புவெர்தோ த்ரியுன்ஃபோவுல அவனுக்கு நாபோலெஸ்னு ஒரு பெரிய பண்ணை, 80கள்ல அங்க யானை, ஒட்டகச்சிவிங்கின்னு மிருகக்காட்சி சாலையே வச்சிருந்தான், ஜனங்க இலவசமா வந்து பாக்கலாம். செத்தப்புறம் மத்த மிருகங்களை எடுத்துட்டுப் போயிட்டாங்க, நாலு நீர்யானையைப் பிடிக்க முடியாம விட்டுட்டாங்க. அது மக்தலேனா ஆத்துல இறங்கி குட்டி போட்டு, இப்ப 160க்கும் மேல, 2022ல ஆக்கிரமிப்பு இனம்னு அரசாங்கம் அறிவிச்சுச்சு. 2009லயே பெப்பேங்கற ஒரு நீர்யானையை அதிகாரிங்க அனுமதியோட வேட்டைக்காரங்க சுட்டுக் கொன்னு பக்கத்துல ராணுவத்துக்காரங்க நின்னு போட்டோ எடுக்க, நாடே கொந்தளிச்சுச்சு, சுடறதுக்கே தடை வந்துச்சு. 2023ல 60 நீர்யானையை நம்ம குஜராத்துக்கு அனுப்பறதா கூட ஒரு திட்டம் பேசினாங்க. விஞ்ஞானிங்க சொல்றாங்க, ஆத்துத் தண்ணி கெடுது, மீன் போகுது, அங்கயே பொறந்த நீர்நாய்க்கும் கடல்பசுவுக்கும் இடமில்ல, சிலதைக் கொல்லத்தான் வேணும்னு. அந்த ஊர்க்காரங்களைக் கேட்டா கதை வேற, பண்ணை இப்ப தீம் பார்க், நீர்யானை பாக்கத்தான் பஸ் பஸ்ஸா ஜனம் வருது, கடை வாசல்ல நீர்யானை பொம்மை, ஊருக்கே அதுதான் அடையாளம். ராத்திரில தெருவுல கூட வந்து மேயும், மீன் பிடிக்கப் போறவங்களுக்கு மட்டும் பயம். 2023 நவம்பர்ல அரசாங்கம் கொஞ்சத்துக்குக் கருத்தடை, கொஞ்சத்தை வெளிநாட்டுக்கு, கொஞ்சத்தைக் கருணைக்கொலைன்னு மூணு வழி அறிவிச்சுச்சு. கருத்தடை ஆபரேஷன் பண்ண ஒரு நீர்யானைக்கு ஆகற செலவும் நேரமும் ரொம்ப ஜாஸ்தி, மயக்க ஊசி போட்டு நாள் முழுக்க ஆளுங்க நிக்கணும், அது முடியறதுக்குள்ள ஆத்துல இன்னும் குட்டி பொறந்துட்டே இருக்கு, அந்தக் காசெல்லாம் கட்டறது இன்னிக்கு இருக்கற கொலம்பியாக்காரங்கதான்.